எங்கே தங்குவது, அக்காவைக் கேள்

ஹைதராபாதில் நான் ஐந்து வருடம் குடியிருந்த வீட்டில் விருந்தாளி என்று ஒருவர் படுத்து எழுந்து நான் பார்த்ததில்லை. வீட்டுக்கார அம்மாள் அதை அனுமதிக்கவில்லை.

வீடு நாச்சாரத்தில், தொழிற்சாலைச் சுவர் ஒன்றை ஒட்டிய சந்தில் இருந்தது. மாடி எனக்கு வாடகைக்கு. கீழே அவரும் அவருடைய கணவரும். மத்திய அரசு நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்த கணவரைத் தெரு முழுக்க சார் என்றுதான் சொல்லும். ஒரு நாளில் அவர் பேசுவதைத் தபால் கார்டில் எழுதிவிடலாம். அந்த அம்மாளை நான் அக்கா என்று கூப்பிட்டேன். பாளையங்கோட்டைக்காரர். அப்போது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். இருபத்தைந்து வருடம் ஹைதராபாதில் இருந்தும் அவருடைய தமிழ் தாமிரபரணிக் கரையிலேயே நின்றுவிட்டது. நடுவில் இரண்டொரு உருதுச் சொற்கள் மட்டும் புகுந்து, சொந்தக்காரர்கள்போல உட்கார்ந்துகொண்டன. வேண்டாம் என்பதற்கு ‘நக்கோ’ என்பார். ஆமாம் என்பதற்கு ‘ஹவ்’.

சாப்ட்வேர் கம்பெனிகள் வந்து, தமிழ்நாட்டில் தெருவுக்கு ஒரு பிள்ளையாவது ஹைதராபாதில் இருந்த காலம் அது. பிள்ளைகளைப் பார்க்க வந்தார்கள், நேர்காணலுக்கு வந்தார்கள், அப்படியே சார்மினாரையும் பார்த்துவிட்டுப் போக வந்தார்கள். புறப்படுவதற்கு முன் அவர்கள் எல்லோரும் அக்காவுக்குப் போன் செய்தார்கள். திருநெல்வேலியில் யாரிடம் கேட்டாலும், “எங்க தங்கணும்னு அவகிட்டக் கேளு, சரியாச் சொல்லுவா. அவ வீட்டுல தங்கலாம்னு மட்டும் நெனைக்காத” என்று சேர்த்தே சொல்வார்கள் என்று நினைக்கிறேன்.

என்ன பார்க்கப் போகிறீர்கள் என்று அக்கா கேட்க மாட்டார். ஒருமுறை ஏன் என்று கேட்டேன்.

“எல்லாரும் ஒண்ணுதான சொல்லப் போறாவ? சார்மினாரு, கோட்டை, மியூசியம், பிரியாணி. அதைக் கேட்டு என்னத்துக்கு?”

அவர் கேட்கும் கேள்விகள் வேறு. காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருப்பீர்கள்? கூட்டத்தில் யாருக்கு முதலில் பசிக்கும்? முட்டுவலிக்காரர் உண்டா? வெளியூர் போனால் யார் யாரோடு சண்டை போடுவார்கள்? கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் மறுமுனையில் சிரிப்புத்தான் கேட்கும். அக்கா சிரிக்காமல் காத்திருப்பார். பதில் வந்த பிறகுதான் பேட்டையின் பெயர் வரும்.

அதிகாலையில் எழுகிறவர்கள் கோட்டை ஏறவேண்டும் என்றால் மெஹதிப்பட்டினம். வெயில் வருவதற்குள் மேலே போய் இறங்கிவிடலாம். சைவச் சாப்பாடு இல்லாவிட்டால் முகம் தூக்குகிறவர்களுக்கு சுல்தான் பஜார். மாமியாரும் மருமகளும் சேர்ந்து வந்தால் ஆபிட்ஸ். “கடை நெறைய இருக்கு. ஆளுக்கொரு கடைக்குள்ள நொழஞ்சிருவாவ. ராத்திரிதான் சந்திப்பாவ.” ரயிலைத் தவறவிட்டு ஒருமுறை அவமானப்பட்டவர்களுக்கு நாம்பள்ளி, ஸ்டேஷன் வாசலிலேயே தூங்கலாம். இப்படி அந்த நானூறு வருட நகரத்தை அவர் மனிதர்களின் கால் வலிக்கும் வயிற்றுப் பசிக்கும் ஏற்றபடி பிரித்து வைத்திருந்தார்.

கேள்வி ஞானம் என்று நினைக்க வேண்டாம். வியாழக்கிழமை மதியங்களில், சார் வேலைக்குப் போனபின், பஸ் ஏறிப் போய் லாட்ஜ்களைப் பார்த்துவிட்டு வருவார். இரண்டு முறை நானும் கூடப் போயிருக்கிறேன். எனக்கு வேலை சாயங்காலம்தான். அறைக்குள் போனதும் முதலில் ஜன்னலைத் திறப்பார். பிறகு குளியலறை வாசலில் நின்று மூச்சை இழுப்பார். குழாயைத் திறந்து, தண்ணீர் சூடாக எவ்வளவு நேரம் ஆகிறது என்று கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். மெத்தையை உள்ளங்கையால் நாலு இடத்தில் அழுத்துவார். கேள்வி எதுவும் கேட்காமல் “ஹவ்” என்றோ “நக்கோ” என்றோ சொல்லிவிட்டு இறங்கிவிடுவார். ஆபிட்ஸில் ஒரு மேனேஜர் எங்களைக் கார்ப்பரேஷன் சுகாதார ஆட்கள் என்று எண்ணி, இரண்டு பேருக்கும் இரானி டீயும் உஸ்மானியா பிஸ்கட்டும் வரவழைத்தார். அக்கா இரண்டையும் சாப்பிட்டுவிட்டு, “மூணாம் மாடில பைப்பு ஒழுகுது” என்று உருதுவில் சொல்லிவிட்டு வந்தார். அடுத்த வியாழக்கிழமை அது சரிசெய்யப்பட்டிருந்தது.

ஒரு பையன் நேர்காணலுக்கு வந்தான். நண்பர்கள் அவனை அமீர்பேட்டையில் தங்கச் சொல்லியிருந்தார்கள். கம்ப்யூட்டர் வகுப்புகள் நிறைந்த இடம், தமிழ்ப் பையன்கள் அறைக்கு ஆறு பேராக இருக்கும் இடம்.

“அமீர்பேட்டை நக்கோ” என்றார் அக்கா. “விடிய விடிய உக்காந்து ஒருத்தன ஒருத்தன் கேள்வி கேட்டுக்கிட்டே இருப்பானுவ. ஒனக்குத் தெரிஞ்சதும் மறந்துபோவும். பேகம்பேட்டுல தங்கு. ஏரோப்ளேன் ஏறதும் எறங்கதும் தெரியும். அதைப் பாத்துக்கிட்டே தூங்கிரு.”

அவனுக்கு வேலை கிடைக்கவில்லை. ஆனால் ஊருக்குப் போய், “ரொம்ப நல்லாத் தூங்கினேன் அத்தே” என்று போன் செய்தான்.

அக்கா தவறியதும் உண்டு. புதிதாகக் கல்யாணமான ஜோடி ஒன்றுக்கு ஏரிக்காற்று வரும் என்று லக்கிடிகாபூலில் இடம் சொன்னார். விநாயகர் சிலைகளை ஏரியில் கரைக்கும் நாள் அது என்பதை மறந்துவிட்டார். மேளமும் லாரியும் ஒலிபெருக்கியுமாக ஊர்வலம் தெருவை அடைத்துக்கொண்டது. ஒன்றரை நாள் அவர்களால் அறையைவிட்டு வெளியே வர முடியவில்லை. அக்கா பதறிப்போய்ப் போன் செய்தார். அவர்கள் குறை எதுவும் சொல்லவில்லை.

இந்தப் பெண்மணியைப் பற்றிச் சொந்தக்காரர்கள் என்ன சொன்னார்கள் என்பதை ஊகிக்கலாம். நம் ஊர்க்காரர்களுக்கு, வெளியூரில் ஒரு சொந்தக்காரர் இருந்தால் அங்கே ஒரு ஹால் இருக்கிறது என்று அர்த்தம். ஹாலில் பாய் விரியும், காலையில் இட்லி வரும். இங்கே அது கிடையாது. கிளம்புகிற நாள் மதியம் மட்டும் வீட்டில் சாப்பாடு உண்டு. அது சாதாரணச் சாப்பாடு இல்லை. தேங்காய்ப்பாலில் காய்கறி மிதக்கும் சொதி, இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்குப் பொரியல். திருநெல்வேலியில் கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்குப் போடுகிற விருந்து. அதைத் தின்றுவிட்டு ரயிலேறியவர்கள்கூட, ஊரில் இறங்கியதும், “அவ வீட்டுல ஒரு ராத்திரி தலை சாய்க்க முடியாது” என்றுதான் சொன்னார்கள்.

சட்டம் எப்படி வந்தது என்பதை அக்கா ஒருநாள் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னார்.

“கல்யாணமாகி வந்து ஏழு வருஷம், தம்பி. மாசத்துக்கு ஒரு கூட்டம் வரும். காலைல நான் இட்லி அவிப்பேன், அவிய தின்னுட்டு ஊரு பாக்கப் போவாவ. மத்தியானத்துக்குப் புளியோதரை கட்டிக் குடுப்பேன். சாயங்காலம் வந்து, ‘சார்மினாரு என்னமா இருக்கு, மாடில ஏறினோம்’னு சொல்லுவாவ. ‘அப்படியா’ன்னு கேட்டுக்கிட்டே தோசை சுடுவேன். அந்த ஏழு வருஷத்துல நான் சார்மினாரைப் பாக்கல. வந்த பொம்பளையளும் பாதிப் பேரு பாக்கல. எனக்கு ஒத்தாசைன்னு அடுப்படில வந்து நின்னுக்கிடுவாளுவ. ஆம்பளையதான் போயிட்டு வருவாவ. ஒருநாள் முடிவு பண்ணினேன். ஊரு பாக்க வந்தவ ஊரைப் பாக்கட்டும். என் வீட்டு அடுப்பைப் பாத்து என்ன ஆவப்போவுது?”

சார் இந்தச் சட்டத்தை எதிர்த்ததில்லை. ஒரே ஒரு ஆள் விஷயத்தில் தவிர.

அது அவருடைய தங்கை. பாளையங்கோட்டை மார்க்கெட்டில் வளையல் கடை வைத்திருப்பவர். நான் குடிவருவதற்கு முந்தின வருடம், தங்கையும் அவர் கணவரும் ஹைதராபாத் பார்க்க வந்தார்கள். அக்கா அவர்களுக்கும் விலக்குக் கொடுக்கவில்லை. காச்சிகுடாவில் லாட்ஜ். மூன்று நாள் முடிந்து, சொதி தயாராக இருந்த மதியம், தங்கை வந்து ஹாலில் நின்றார். உட்காரவில்லை.

“எங்கம்மா போனபெறவு எனக்குப் பொறந்த வீடு இதுதான்னு நெனச்சிருந்தேன். பொறந்த வீட்டுல எனக்கு ஒரு பாய் இல்ல. லாட்ஜு சாவிதான் இருக்கு” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிவிட்டார். இலை போட்டது போட்டபடி கிடந்தது. அதன் பிறகு அண்ணனோடு பேச்சில்லை. அடுத்த வருடம் தங்கையின் கணவர் இறந்துபோனார். துக்கத்துக்கு இவர்கள் போனபோதும் தங்கை வாயைத் திறக்கவில்லை. இதை சார் என்னிடம் சொன்னதே இல்லை. அக்கா சொன்னதுதான்.

நாலு வருடம் கழித்து, நான் மாடியில் இருந்த கடைசி வருடத்தில், போன் மணி அடித்தது. சார் எடுத்தார். நான் வாடகை கொடுக்க இறங்கி வந்தவன் வாசலில் நின்றேன். அவர் “சொல்லு பாப்பா” என்றார். தங்கைதான். பிறகு வெகுநேரம் கேட்டுக்கொண்டே நின்றார். போனை வைத்துவிட்டு அக்காவைப் பார்த்தார்.

“சனிக்கிழம வாராளாம். ஒரு வாரம் இருப்பாளாம்.”

“வேற என்ன சொன்னா?”

“எங்க தங்கணும்னு ஒன்னியக் கேட்டுச் சொல்லணுமாம்.”

அது கேள்வி இல்லை, பரீட்சை என்பது மூன்று பேருக்கும் புரிந்தது. சார் அன்றைக்குப் பேசியது நான் கேட்ட அவருடைய பேச்சிலேயே நீளமானது. “இந்த ஒருதடவை ஒன் சட்டத்த மடிச்சு வையி. முன்னறைல கட்டில் போடுவோம். மறுபடி லாட்ஜுன்னு சொன்னா எனக்குத் தங்கச்சி கெடையாது. அவ்வளவுதான்.”

மறுநாள் வியாழக்கிழமையும் இல்லை, செவ்வாய். ஆனாலும் அக்கா பஸ் ஏறிப் போனார். சாயங்காலம் திரும்பி வந்து, செருப்பைக் கழற்றும்போதே சொன்னார்.

“சார்மினாருக்குப் பக்கத்துல ரூம் பாத்துட்டேன்.”

சார் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். “பழைய ஊருக்குள்ளயா? ஒத்தப் பொம்பளையையா?”

நாச்சாரம், தார்நாக்கா பக்கத்துத் தமிழர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. மூசி ஆற்றுக்கு அந்தப்புறம் பகலில் போவார்கள், முத்தும் வளையலும் வாங்குவார்கள், விளக்கு வைப்பதற்குள் பாலத்தைத் தாண்டி இந்தப்புறம் வந்துவிடுவார்கள். அங்கே யாரும் அறை எடுத்ததில்லை. சாரின் குரலில் இருந்தது அந்த வழக்கம்தான்.

“அங்க இருக்கவங்களும் பொண்டு புள்ளையளோடதான இருக்காங்க?” என்றார் அக்கா. “போனதடவ நான் அவ மாப்பிள்ளைக்குத்தான் எடம் பாத்தேன். அவருக்குச் சக்கரை, பக்கத்துல ஆஸ்பத்திரி வேணும், உப்பில்லாத சாப்பாடு வேணும், ஸ்டேஷன் கிட்ட இருக்கணும். காச்சிகுடா அவருக்குச் சரி. இவளுக்கு என்ன வேணும்னு ஒரு வார்த்த கேட்டேனா? மூணு நாளும் ரயில்வே சொவத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா. இப்பம் இவளுக்குன்னு பாத்திருக்கேன்.”

“அவ எடம் கேக்கல. நம்ம வீட்டக் கேக்கா.”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா?”

“இங்க வந்தா ஒரு வாரமும் என்கூட நின்னு வெங்காயம் உரிப்பா. அதுக்கா அவ்வளவு தூரம் வாரா?”

சார் அன்று இரவு சாப்பிடவில்லை. வெள்ளிக்கிழமை மாடிக்கு ஏறி வந்தார். அவர் மாடிக்கு வந்தது அதுதான் முதல் தடவை. “நாளைக்கு ஸ்டேஷனுக்கு நீங்களும் வாங்க தம்பி. வெளியாள் ஒருத்தர் இருந்தா சத்தம் போடமாட்டா” என்றார். யார் சத்தம் போடமாட்டார்கள் என்று அவர் சொல்லவில்லை.

தங்கை சத்தம் போடவில்லை. ரயிலிலிருந்து இறங்கியவர் நாற்பத்தைந்து வயதுக்காரர், அண்ணனைவிட உயரம். இரண்டு கையிலும் கண்ணாடி வளையல் இல்லை. அந்த இடத்தில் கைக்கடிகாரம் மட்டும். ஆட்டோ எந்தப் பக்கம் போகிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பாலத்தைத் தாண்டும்போது ஆற்றைப் பார்த்தார். லாட்ஜ் வாசலில் இறங்கியதும் பலகையைப் பார்த்தார். பெட்டியை நான் தூக்கிக்கொண்டேன்.

வயதான மேனேஜர் எழுந்து நின்று, “ஃபிகர் நக்கோ கரோ ஆப்பா” என்றார். கவலை வேண்டாம் என்கிறார் என்று அக்கா மொழிபெயர்த்தார். தங்கை அதைக் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

இரண்டாம் மாடி அறை. இரண்டு கட்டில்கள். அக்கா வழக்கம்போல முதலில் ஜன்னலைத் திறந்தார். கீழே ஒரு குறுகிய பஜார். காலை எட்டரை மணி. எல்லாக் கடைகளிலும் ஷட்டர் இறங்கியிருந்தது. ஒரு நாய் நடுத்தெருவில் படுத்திருந்தது. சார்மினாரைத் தவிரப் பார்க்க எதுவுமே இல்லை.

தங்கை ஜன்னலையும் பார்த்தார், அண்ணனையும் பார்த்தார். “சரி. பாத்தாச்சு. நாளைக்கு ராத்திரி வண்டிக்கு டிக்கெட் போடுங்க” என்றார்.

சார் சுவரைப் பார்த்தார். அக்கா ஜன்னல் கொக்கியை மாட்டினார். “ராத்திரியெல்லாம் வண்டில வந்திருக்க. பதினொரு மணி வரைக்கும் தூங்கு. பெறகு எந்திச்சு சன்னலத் தொற” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். திரும்புகிற பஸ்ஸில் மூன்று பேரும் மூன்று இருக்கைகளில் உட்கார்ந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை கீழ்வீட்டிலிருந்து தேங்காய்ப்பால் வாசனை வந்தது. கடைசி நாளுக்கு உரிய சொதியை அக்கா இரண்டாம் நாளே வைத்துவிட்டார். அவரும் பயந்துபோயிருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பன்னிரண்டு மணிக்கு, தங்கையைச் சாப்பிட அழைத்துவரப் போனோம்.

அறை பூட்டியிருந்தது.

சார் கதவைத் தட்டினார். இன்னொரு முறை தட்டினார். பிறகு படியில் உட்கார்ந்துவிட்டார். “எங்க போயிருப்பா? பாஷை தெரியாதே அவளுக்கு. சொன்னேன்லா? நான் சொன்னேன்லா?” அவர் அக்காவைப் பார்த்துக் குரலை உயர்த்தியதை அன்றுதான் கேட்டேன். அக்கா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு வேகமாகக் கீழே இறங்கினார்.

மேனேஜர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “வோ சூடியான்வாலி ஆப்பா?” என்றார். அந்த வளையல்கார அக்காவா? கையைத் தெருப்பக்கம் நீட்டினார். நேற்றுப் பதினொரு மணிக்கு இறங்கிப் போனவர் இரவு கடை மூடும்போதுதான் வந்தாராம். இன்று காலையும் அப்படியே.

ஜன்னலுக்குக் கீழே இருந்த அந்த லாட் பஜார் அப்போது விழித்திருந்தது. இரண்டு பக்கமும் வளையல். வளையல்தவிர வேறு எதுவும் இல்லை என்று சொல்லலாம். அரக்கு வளையல்கள், அவற்றில் பதித்த கண்ணாடிக் கற்கள், ஒவ்வொரு கடையிலும் நூறு விளக்கு. நேற்று நாய் படுத்திருந்த இடத்தில் நடக்க இடமில்லை. ஏழாவதோ எட்டாவதோ கடையில், வெள்ளைத் துணி விரித்த மேடையில் கடைக்காரருக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார் தங்கை. எதிரே கல்யாணப் பெண் ஒருத்தி, அவளுடைய அம்மா, இன்னும் நாலு பெண்கள். கல்யாணப் பெண்ணின் கை தங்கையின் மடியில் இருந்தது.

“வெரல மடக்கு. ஆங், கட்டைவெரல உள்ள வையி. கைய மொட்டு மாதிரி குவிச்சுக்கோ” என்று சுத்தமான பாளையங்கோட்டைத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார். பெண் அப்படியே செய்தாள். வளையல் முட்டியைத் தாண்டி வழுக்கி உள்ளே போனது. அந்தப் பெண்கள் கூட்டம் ஒரே குரலில் என்னவோ சொல்லிச் சிரித்தது.

பிறகுதான் நாங்கள் கதையைக் கேட்டுத் தெரிந்துகொண்டோம். முதல் நாள் தங்கை சும்மா பார்த்துக்கொண்டு நடந்திருக்கிறார். இந்தக் கடையில் விற்பனைப் பையன் ஒரு பெண்ணின் கையில் வளையலைத் திணித்துத் தோலை உரித்துக்கொண்டிருந்தான். பார்க்கப் பொறுக்காமல் மேடையில் ஏறி உட்கார்ந்து, அவன் கையிலிருந்ததை வாங்கி, “டூ சிக்ஸ் இல்லப்பா, டூ எய்ட்” என்றிருக்கிறார். வளையலின் அளவுக்குப் பாளையங்கோட்டையிலும் லாட் பஜாரிலும் ஒரே கணக்கு. டூ ஃபோர், டூ சிக்ஸ், டூ எய்ட். அந்த மூன்று சொற்களை வைத்துக்கொண்டு முதல் நாளும் அன்றுமாக வியாபாரம் பேசியிருக்கிறார்கள்.

சார் மேடையோரம் நின்று, “பாப்பா” என்றார்.

“வாங்கண்ணே. இங்கன ஓரமா நில்லுங்க, ஆளுவளுக்கு மறைக்காதீய.”

“வீட்டுல சொதி வச்சிருக்கு. சாப்பிட வா.”

“இப்பமா? ஞாயித்துக்கெழம மத்தியானத்துல கடைய விட்டுட்டு எவளாவது சாப்பிடப் போவாளா?”

கடைக்காரருக்கு நாற்பது வயதிருக்கும். அவர் அக்காவின் பக்கம் குனிந்து, நாளைக்கும் இந்த ஆப்பா வருவாரா என்று உருதுவில் கேட்டார். அக்கா அதைத் தமிழில் சொன்னார்.

“கடையக் காலைல எத்தன மணிக்குத் தொறப்பாருன்னு நீங்க அவருகிட்டக் கேளுங்க, மதினி” என்றார் தங்கை. “நான் ஊருல ஒம்போது மணிக்குத் தொறந்துருவேன். இவிய பதினொண்ணு வரைக்கும் தூங்குதாவ. இப்படி இருந்தா கடை வெளங்குமா?”

மதினி. அண்ணியை அவர் அப்படிக் கூப்பிடுவது ஐந்து வருடத்தில் முதல் தடவை. சார் என் தோளைப் பிடித்தார். தலைசுற்றுகிறதோ என்று நினைத்தேன். அக்கா முகத்தில் எதையும் காட்டவில்லை. கடைக்காரரிடம் கேள்வியை அப்படியே ஒப்பித்தார், வெளங்குமா என்பதையும் சேர்த்து. அவர் காதைத் தொட்டுக்கொண்டு சிரித்தார்.

கல்யாணப் பெண்ணின் இன்னொரு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்ட தங்கை, தலையை நிமிர்த்தாமலே கேட்டார். “காச்சிகுடால ஏன் மதினி எங்களப் போட்டிய?”

“தப்பாப் போட்டுட்டேன்” என்றார் அக்கா. “ஒம்மாப்பிள்ளையப் பத்தித்தான் யோசிச்சேன். ஒன்னியக் கேக்கல.”

தங்கை இன்னும் நாலு வளையல் ஏற்றி முடித்தார்.

“அவுகளுக்கு அந்த எடம் புடிச்சிருந்துச்சு. ஊருக்குப் போயும் அந்த மெஸ்ஸுக் கொழம்பைப் பத்தியே பேசிக்கிட்டு இருந்தாவ” என்றார். பிறகு, “நேத்து ராத்திரி சன்னல்ல நின்னு பாத்தேன் மதினி. சார்மினாரு அப்படியே மூஞ்சிக்கு நேரா நிக்கி. நீங்க இங்க தங்கும்போது அந்த ரூம்லதான் தங்குவீயளோ?”

“நான் தங்குனதில்ல.”

“பின்ன எங்க, கோட்டப் பக்கமா?”

“எங்கயும் தங்குனதில்ல. வெளக்கு வைக்கதுக்குள்ள வீட்டுக்குப் போயிருவேன்லா.”

தங்கையின் கை நின்றது. அப்போதுதான் அவர் அக்காவை நிமிர்ந்து பார்த்தார். பார்த்தது நேற்றைய பார்வை இல்லை. சரியான அளவு வளையல் தேடும்போது கையைப் பார்ப்பதுபோல, நிதானமாக, மேலும் கீழும் பார்த்தார்.

“ஊரு உலகத்துக்கெல்லாம் எடம் சொல்லுதியளே. ஒரு ராத்திரிகூடவா? நல்ல கூத்தா இருக்கே! அங்க ரெண்டு கட்டில் கெடக்கு மதினி. ஒண்ணு சும்மாத்தான் கெடக்கு. இருங்க, ஒரு வாரம். சேந்து இருப்போம்.”

“அய்யோ நக்கோ நக்கோ. மாத்துச் சேலை கொண்டாரலையே.”

“என் சேலை இருக்கு.”

“ரவிக்கை?”

“இந்தத் தெருவுல தையக்காரனா இல்ல?”

“காலைல பாலு வாங்கணும். உங்கண்ணனுக்கு டிபன் கட்டணும்.”

அப்போதுதான் சார் வாயைத் திறந்தார். “பாலை நான் வாங்கிக்கிடுதேன். நீ இரு.”

அக்கா அவரைப் பார்த்தார். “சாப்பாட்டுக்கு என்ன செய்வீய?”

“சொதி இருக்குல்லா. நானும் தம்பியும் சூடு பண்ணித் தின்னுக்கிடுதோம்.”

அதற்கு மேல் அக்காவிடம் சாக்கு இருந்ததாகத் தெரியவில்லை. செருப்பைக் கழற்றி மேடைக்குக் கீழே, தங்கையின் செருப்புக்குப் பக்கத்தில் விட்டார். ஏறி உட்கார இடம் போதவில்லை. கடைக்காரர் பச்சை வளையல் அட்டைகளை நகர்த்தி இடம் கொடுத்தார்.

நாங்கள் இருவரும் பஸ் ஏறினோம். நாலு பேருக்கு வைத்த சொதியை அன்று மதியமும் இரவும் சாப்பிட்டோம். சார் சாப்பிடும்போது தானாகவே சிரித்துக்கொண்டார். இரண்டு நாளில் அவர் பேசியது போதும் என்று இருந்ததோ என்னவோ, ஒரு வார்த்தை பேசவில்லை.

திங்கட்கிழமை காலை மாடியிலிருந்து இறங்கும்போது அவர் கேட்டருகில் பால் பாக்கெட்டோடு நின்றார். எதிர்வீட்டுத் தெலுங்கு அம்மாள் கோலம் போடுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருபது வருடத்தில் சார் பால் வாங்கி அவர் பார்த்திருக்க மாட்டார்.

“ஆன்ட்டி ஊரிக்கி வெள்ளாரா?” என்றார். ஊருக்குப் போயிருக்கிறாரா?

“அவுனு” என்றார் சார். ஆமாம்.

“ஏ ஊரு?” எந்த ஊர்?

சார் பாக்கெட்டை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

“ஹைதராபாத்” என்றார்.